முற்றமும் முன்வளவும்: குறைந்த செலவில் வீட்டு முகப்பைச் சீராக்கல்

வீட்டுத்திட்டத்தில் கட்டப்படும் வீடுகள் பெரும்பாலும் ஒரே அளவு, ஒரே அமைப்பு. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் 550 சதுர அடி வீடுகள் பல்லாயிரம் எழுந்தன. இப்படி ஒன்றுபோல நிற்கும் வீடுகளில் எதில் ஆட்கள் இருக்கிறார்கள், எது இன்னும் பூட்டிக் கிடக்கிறது என்பதை ஒழுங்கையால் போகிறவர் படலையடியிலேயே கண்டுகொள்வார். கூட்டிய முற்றம், தளிர்த்து நிற்கும் வேலிக் கதியால், பூத்த ஒரு செவ்வரத்தை. இவை இருந்தால், இந்த வளவுக்கு உரியவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்பது அயலுக்குத் தெரியும். பற்றை மூடிய வளவுக்குள் கட்டாக்காலி மாடு நுழையும், பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் நுழைவார்கள், எல்லைக் கட்டையும் மெல்ல மெல்ல இடம் மாறும்.

முன்வளவைத் திருத்த அதிகம் காசு வேண்டாம். வீட்டை முடிப்பதற்கே கடன்பட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள் என்பதை அறிவோம். அதனால் காசு கொடுத்து வாங்கவேண்டிய எதையும் இங்கே முதன்மையாகச் சொல்லவில்லை. ஆனால் வேலைகளின் வரிசையை மாற்றாதீர்கள். பூச்செடி கடைசியாகத்தான் வரவேண்டும்.

மண்ணைத் தொடுவதற்கு முன்

உங்கள் கிராமம் மீள்குடியேற்றத்திற்காக விடுவிக்கப்பட்டிருந்தாலும், உங்கள் வளவு கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: எவ்வளவு ஆழம் வரை துப்புரவு செய்தார்கள்? கண்ணிவெடியகற்றும் பிரிவினர் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் தேடுவார்கள். முற்றம் செதுக்குவதற்கு அது போதும். தென்னம்பிள்ளைக்கு மூன்று அடிக் கிடங்கு வெட்டுவதும், மலசலகூடக் குழி தோண்டுவதும் வேறு விடயம். ஆழமாகத் தோண்டும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, இடத்தைக் காட்டி, ஆலோசனை பெறுங்கள்.

பற்றையை நெருப்பு வைத்து அழிக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. திரும்பி வந்த வளவில் அதைச் செய்யவேண்டாம். மண்ணில் கிடக்கும் வெடிக்காத எறிகணை சூடுபட்டால் வெடிக்கும். கத்தியாலும் வாரியாலும், வீட்டு வாசலிலிருந்து படலையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புரவு செய்யுங்கள். இடம்பெயரமுன் நீங்களோ வேறு யாரோ வெட்டிய பங்கர் வளவுக்குள் இருந்தால் அதற்குள் இறங்கவோ, நீங்களாக மூடவோ வேண்டாம். பல ஆண்டுகள் கைவிடப்பட்ட கிணற்றையும் அப்படியே கருதுங்கள். அதை இறைக்க இறங்குவதற்கு முன் அறிவித்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சந்தேகமான பொருளொன்றைக் கண்டால் தொடாதீர்கள், கல்லால் எறிந்து பார்க்காதீர்கள், கம்பி நீண்டிருந்தால் இழுக்காதீர்கள். வந்த வழியாலேயே திரும்பிப் போய், மற்றவர்களை அந்தப் பக்கம் போகவிடாமல் நிறுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ (119) அறிவியுங்கள். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வளவு புது இடம். எது விளையாட்டுப் பொருள், எது ஆபத்து என்பதை நீங்கள்தான் காட்டிக்கொடுக்கவேண்டும். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையையும் எச்சரிக்கை நாடாவையும் பிடுங்கி வேலிக்குப் பயன்படுத்தும் வேலை ஒருபோதும் வேண்டாம்.

பற்றையில் பாம்பும் இருக்கும். வெட்டும்போது சப்பாத்து அல்லது தடித்த செருப்பு அணியுங்கள். வீட்டைச் சுற்றிப் பத்து அடியாவது வெறும் நிலமாக இருந்தால் இரவில் பயம் குறையும்.

எல்லையும் வேலியும்

இருபது, முப்பது வருடங்களுக்குப் பிறகு திரும்பும்போது பழைய எல்லைக் கல் கிடைக்காது. பூவரசு பட்டுப்போயிருக்கும், அல்லது பெருமரமாகி இருபக்கமும் வேர்விட்டிருக்கும். இந்த நிலையில் எல்லையில் மதில் கட்டுவது கெட்டித்தனமல்ல. உறுதி, அனுமதிப்பத்திரம், அளவை வரைபடம் ஆகியவற்றில் எது உங்களிடம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு அயலவருடன் நின்று எல்லையைப் பாருங்கள். அயலவர் இன்னும் திரும்பவில்லையென்றால் கிராம அலுவலர் முன்னிலையில் தற்காலிக வேலி அடையுங்கள். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி இல்லாமல் நீங்களே பேசலாம். வீதியோரமாக நிரந்தரச் சுவரோ இரும்புப் படலையோ போடுவதாக இருந்தால், வீதி எல்லை எவ்வளவு தூரம் என்று பிரதேச சபையில் கேட்டுக்கொள்ளுங்கள். வீதி அகலிக்கும்போது முதலில் உடைபடுவது அதுதான்.

எங்கள் பார்வையில் உயிர்வேலியே மேல். கிளுவை, பூவரசு, முள்முருக்கை, சீமைக்கிளுவை எல்லாம் கதியாலாக நட்டாலே முளைக்கும். மணிக்கட்டு மொத்தத்தில், ஐந்தாறு அடி நீளத்தில், அடிப்பக்கம் சரிவாக வெட்டுங்கள். ஓரிரு நாள் நிழலில் வைத்தபின் அலவாங்கால் துளையிட்டு ஓர் அடிக்குமேல் இறக்கி, சுற்றி மண்ணை இறுக்குங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று போதும். ஐப்பசியில் மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றாமலே பிடிக்கும். கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் பூவரசையே நடுங்கள். உப்புக் காற்றுக்கு அது அஞ்சாது. கதியால் தளிர்க்கும்வரை கிடுகோ பனையோலையோ கட்டி மறைக்கலாம். கறையான் அரிக்காதபடி ஓலையின் அடி நிலத்தில் முட்டாமல் கட்டுங்கள்.

மதில் ஆண்டுதோறும் பழுதாகும். உயிர்வேலி ஆண்டுதோறும் தடிக்கும். வேலியைக் கத்தரித்த குழை ஆட்டுக்கு உணவு, மிஞ்சியது பயிருக்குப் பசளை. அயலவர் சம்மதித்தால் வேலியில் ஒரு பொட்டு விடுங்கள். அவசரத்துக்கு ஓடிப்போக, சுகவீனமானவரைப் பார்க்க, கறிவேப்பிலை வாங்க அது உதவும். பெண்கள் தனியாகவோ முதியவர்கள் மட்டுமோ இருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் தேவை. அப்படியான வீடுகளின் வேலியைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒருநாள் சிரமதானமாக அடைத்துக் கொடுக்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

தப்பி நிற்கும் மரங்கள்

பழைய மாமரம், வேம்பு, பனை ஏதாவது உயிரோடு நின்றால் அவசரப்பட்டுத் தறிக்கவேண்டாம். முன்வளவில் நிழலை வேறு எந்த வகையிலும் இவ்வளவு விரைவாகப் பெறமுடியாது. காய்ந்த கிளைகளை மட்டும் வெட்டிவிட்டால் அடுத்த மழையோடு தளிர்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள். தண்டுக்குள் எறிகணைச் சிதறல் இருக்கலாம் என்பதால் வாள் போடும்போது கவனம். தலை அறுந்த பனையோ தென்னையோ வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றால் அது வேறு. காற்றுக் காலத்துக்கு முன்பே, மரம் ஏறிப் பழகிய ஒருவரைக் கொண்டு இறக்கிவிடவேண்டும். பனையைத் தறிப்பதற்கு முன் கிராம அலுவலரிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

தண்ணீர்

வடக்கில் ஐப்பசி முதல் மார்கழி வரைதான் பெருமழை. வைகாசி தொடங்கினால் சோளகக் காற்று புழுதியை அள்ளி வீட்டுக்குள் போடும். வலிகாமத்துச் செம்மண் விரைவில் காயும். வன்னி மண் வெயிலில் கல்லாக இறுகும். கரையோர மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. எந்த மண்ணானாலும் காய்ந்த இலை, மாட்டெரு, அடுப்புச் சாம்பல் கலந்து பக்குவப்படுத்தாமல் செடி வைப்பது வீண்.

குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் கிணற்றடியில் தேங்கி நிற்காமல் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். எங்கள் முன்னோர் செய்ததும் இதுதான். பச்சையாக உண்ணும் வல்லாரைக்கும் கீரைக்கும் மட்டும் அந்தத் தண்ணீர் வேண்டாம். வாய்க்காலை வீட்டு அத்திவாரத்தை ஒட்டி விடாதீர்கள். முற்றத்து மண் வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி அமைத்தால் மழைநீர் சுவரில் ஊறாது.

கோடையில் ஒரு செடியைக் காப்பாற்றப் பழைய மண்பானை போதும். செடிக்கு அருகே கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவிடுங்கள். தண்ணீர் மெதுவாகக் கசிந்து வேருக்குப் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் சரி. பானை இல்லையென்றால் அடியில் ஊசித்துளை இட்ட பிளாஸ்டிக் போத்தலும் அதே வேலையைச் செய்யும். செடியின் அடியைத் தேங்காய் மட்டையாலோ சருகாலோ மூடிவையுங்கள்.

எதை நடுவது

காசு கொடுத்துக் கன்று வாங்கமுன் அயலில் கேளுங்கள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா, போகன்வில்லா எல்லாம் தடி வெட்டி நட்டால் வரும். நித்தியகல்யாணியை, எங்கள் பக்கத்தில் பட்டிப்பூ என்பார்களே, அதை ஒருமுறை வைத்தால் விதை விழுந்து தானாகப் பெருகும். வெயிலுக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கும், மாடும் தின்னாது. ஆடாதோடையும் நொச்சியும் அப்படித்தான். படலையின் இருபக்கமும் இவற்றை வைத்தால் வேலி முழுமையாகாத முதல் வருடத்திலும் பச்சை மிஞ்சும். கோழிக்கொண்டையும் கனகாம்பரமும் விதையால் வரும். மழைக்காலத்தில் பிள்ளைகளிடம் கொடுத்து விதைக்கச் சொல்லுங்கள்.

சைவ வீட்டில் துளசி, கிறிஸ்தவ வீட்டில் சுரூபத்தடிக்குப் பூச்செடி, முஸ்லிம் வீட்டில் மருதோன்றி என்று அவரவர் முற்றத்துக்கு உரியது அவரவருக்குத் தெரியும். அதில் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை.

மஞ்சள் அலரியை மட்டும் முற்றத்தில் வைக்காதீர்கள். ஏற்கனவே நின்றால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் வளரும், அழகாகப் பூக்கும் என்றாலும் அதன் விதை கொடிய நஞ்சு. சிறுபிள்ளைகளுக்கு ஆபத்து. இழப்பும் கடனும் மனதை அழுத்தும் காலத்தில் பெரியவர்களின் கைக்கெட்டும் தூரத்திலும் அது இருக்கக்கூடாது. யாராவது உட்கொண்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தெரியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

முன்வளவு பூவுக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம். வாசலுக்கு ஒரு பக்கமாகக் கறிவேப்பிலை, தேசி, மாதுளை நின்றால் அழகும் உண்டு, கறிக்கும் உதவும். பப்பாசி ஒரு வருடத்துக்குள் காய்க்கும். முருங்கை மூன்று நான்கு அடித் தடியாக நட்டால் போதும். ஆனால் அதன் கிளை சுலபமாக முறியும் என்பதால் கூரையிலிருந்து தள்ளி நடுங்கள். பயற்றையையும் பாவலையும் வேலியில் படரவிடலாம். கத்தரியும் மிளகாயும் வெயில் படும் பக்கத்தில் நில்லுமாறு பாத்தி போடுங்கள்.

தென்னம்பிள்ளை வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளியிருக்கட்டும். மூன்று அடி நீள, அகல, ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கி, மேல்மண்ணும் எருவும் போட்டு நடுங்கள். மட்டை மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவும் பலாவும் இன்னும் தூரத்தில், அடிவளவில் நிற்பதே நல்லது.

நுளம்பு

பழைய ரின், உடைந்த வாளி, ரயர் எல்லாவற்றிலும் பூச்செடி வைக்கலாம். அடியில் துளையிடாமல் வைத்தால் டெங்கு நுளம்பு வளர்க்கிறீர்கள். துப்புரவின்போது ஒதுக்கிய சிரட்டை, தகரம், யோகட் கோப்பை எதையும் வளவு மூலையில் குவித்து வைக்காதீர்கள். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும், மழை பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக வளவை விட்டுவைப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார்.

கன்றுக்கும் விதைக்கும்

உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் எந்த நாளில் வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீள்குடியேறிய குடும்பங்களுக்கு விதைப் பொதியோ பழமரக் கன்றோ கொடுக்கும் திட்டம் நடக்கிறதா என்பது அவருக்குத் தெரியும். தென்னம்பிள்ளைக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையிடம் விசாரிக்கலாம். போகும்போது குடும்ப அட்டையையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். புரட்டாதி முடிவதற்குள் பதிந்தால் கன்று மழைக்கு முன் கைக்கு வரும். கிடங்கையும் அதற்குள் வெட்டி ஆறவிட்டிருங்கள்.