6,000 வோல்ட்டும் 2 மில்லிமீட்டரும்

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து என்றால், மறுநாள் செய்தியில் 'மருந்து உராய்வு' என்று ஒரு வரி இருக்கும். உராய்வு என்றதும் நமக்குச் சூடுதான் நினைவுக்கு வரும். ஆனா உராய்வு இன்னொரு வேலையும் செய்யும்: மின்னூட்டத்தைப் பிரித்துவிடும்.

நைலான் துணி உடுத்தி, ரப்பர் செருப்போடு நடப்பவரின் உடம்பில் சில ஆயிரம் வோல்ட் ஏறுவது சாதாரணம். 6,000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஏன்?

ஏனென்றால் பொறியைக் கிளப்புவது மின்னழுத்தம் இல்லை, மின்புலம். மின்னழுத்தம் உயரம் மாதிரி. மின்புலம் சரிவு மாதிரி. மலை உச்சியில் சமதளமா இருந்தா பந்து உருளாது. மின்னழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு இறங்குகிறதோ, அதுதான் மின்புலம். பாடப்புத்தகச் சூத்திரத்தில் வரும் கழித்தல் குறிக்கும் இதுதான் அர்த்தம்: புலம் இறங்கும் பக்கம் பார்க்கும்.

இப்போ அவர் கை, எர்த் செய்த உலோகப் பாத்திரத்தை நெருங்குகிறது. 10 செ.மீ. தூரத்தில் சராசரிப் புலம் மில்லிமீட்டருக்கு 60 வோல்ட். 1 செ.மீ.யில் 600. 2 மி.மீ.யில் 3,000. சாதாரணக் காற்று ஏறத்தாழ அந்த அளவில்தான் தாங்க முடியாமல் உடைகிறது. வோல்ட் ஏறக்குறைய அதேதான், இடைவெளிதான் சுருங்கியது. பொறி!

மனித உடம்பின் மின்தேக்குத்திறன் சுமார் 150 பிக்கோஃபாரட். கணக்குப் போட்டால் அந்தப் பொறியில் 2.7 மில்லிஜூல். எந்த மருந்து எவ்வளவில் பற்றும் என்பது கலவை, தூளின் நுண்மை, ஈரம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒன்று மட்டும் நிச்சயம்: சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே பொறி பறந்தாலும் நமக்குப் பெரும்பாலும் உறைக்காது. "ஷாக் அடிக்கலையே" என்பது பாதுகாப்புக்கு ஆதாரம் ஆகாது.

அறை வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வது இதனால்தான். உடம்பும் பாத்திரமும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டால், கை எவ்வளவு நெருங்கினாலும் சரிவு பூஜ்யம். ஆனா நைலானில் தங்கிய மின்னூட்டம் தகட்டைத் தொட்டாலும் இறங்காது, அது மின்கடத்தி இல்லையே. அதனால்தான் பருத்தித் துணி.

இன்னொன்று. தகட்டிலிருந்து மண்ணுக்குப் போகும் கம்பி அறுந்திருந்தால், தொடுவது வெறும் சடங்கு. தகட்டைப் பளபளவென்று துடைப்பதோடு, அந்தக் கம்பியையும் ஒருமுறை பாருங்கள்.