சிற்றுருவ மோட்டார் வண்டிகள்: சேர்த்தலும் காத்தலும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். ஊர் கூடி இழுக்கும் பெருந்தேரைக் கண்ட குழந்தை, அதன் சிற்றுருவைத் தன் கையாற் செலுத்தி மகிழ்கின்றது. அம்மகிழ்ச்சியே நம் காலத்தில், பழைய ஐரோப்பிய மோட்டார் வண்டிகளின் வார்ப்புருவங்களைச் சேர்க்கும் பழக்கமாக வளர்ந்துள்ளது. இதனைப் பிள்ளை விளையாட்டென்று இகழ்வார் உளர். முறையறிந்து செய்யின் இஃது ஒரு வரலாற்றுப் பணியேயாம்.

மலையகத்தவராகிய நமக்கு இவ்வண்டிகள் புதியனவல்ல. ஒஸ்டின், மொரிஸ் முதலிய கார்கள் தோட்டத்துரைமாரைச் சுமந்து நம் பாதைகளில் ஏறி இறங்கியவை. கொழுந்துக் கூடையுடன் ஒதுங்கி நின்று அவற்றுக்கு வழிவிட்டவர் நம் முன்னோர். 1948இல் வெளிவந்து, பத்து இலட்சம் விற்ற முதற் பிரித்தானியக் கார் எனும் பெயர் பெற்ற மொரிஸ் மைனரை இன்றும் இலங்கைத் தெருக்களிற் காணலாம்.

சிற்றுருவங்களின் வரலாறும் சுவையானது. லிவர்பூல் நகரின் மெக்கானோ நிறுவனம் 1934இல் தன் உருவங்களுக்கு 'டிங்கி' எனப் பெயரிட்டது. லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல் என்பாரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளையே கொண்டுவரலாம் என்பது விதி. அவர் மகளுக்காகச் செய்த சிறு வண்டியே, 1953இல் தோன்றிய 'மெட்ச்பொக்ஸ்' வரிசைக்கு வித்தாயிற்று. கண்ணாடி யன்னல் பொருத்திய 'கோர்கி' 1956இல் வந்தது. சேகரிப்போர் பெரிதும் விரும்பும் அளவு நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகும். 3.76 மீற்றர் நீளமுள்ள மொரிஸ் மைனர் இவ்வளவில் 8.7 சென்ரிமீற்றராகச் சுருங்கும்.

இவை துத்தநாகத்துடன் சுமார் 4 வீதம் அலுமினியமும், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்து உருக்கி, எஃகு அச்சினுள் அழுத்தி வார்க்கப்படுவன. கலவையில் ஈயம் இம்மியளவு மிகுந்தாலும், காலப்போக்கில் உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு வீங்கும், வெடிக்கும், ஈற்றில் தூளாகும். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய உருவங்கள் பல இவ்வாறே அழிந்தன. இதற்கு மருந்தில்லை. ஆயினும் இஃது ஓர் உருவத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதுமன்று. ஈரமும் வெப்பமும் அழிவை விரைவுபடுத்தும், தடுக்கக்கூடியவை அவையே.

மழையும் பனிமூட்டமும் நிறைந்த அக்கரப்பத்தனை போன்ற ஊரில் இச்செய்தி முதன்மையானது. வெளிச்சுவரிற் சாராத கண்ணாடி அலுமாரியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் உருவங்களை வைத்தல் நன்று. மணிகளை அவ்வப்போது உலர்த்தவோ மாற்றவோ வேண்டும். பொலித்தீன் பையிற் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். வெயில் நேரே பட்டால் வண்ணம் மங்கும். தூசியை மென்தூரிகையால் அகற்றுக. உதிர்ந்த வண்ணத்தின்மேற் புதுவண்ணம் பூசுதல் கூடாது. பழமை போயின் மதிப்பும் போம். மூலப்பெட்டியையும் பேணுக.

காட்சிக்கு வைப்போர் விலைவரிசையை விடுத்து ஆண்டு வரிசையைப் பின்பற்றுக. ஒவ்வொன்றன் அருகிலும் வண்டியின் பெயர், ஆண்டு, அளவு, உருவத்தைச் செய்த நிறுவனம் ஆகியவற்றை எழுதுக. அவ்வண்டி நம் தோட்டப் பாதையில் ஓடியதாயின், அதனைக் கண்ட முதியோரின் நினைவையும் ஒரு வரியிற் சேர்க்க. உலோகம் ஒருநாள் உதிரலாம். எழுதாத நினைவோ அதற்கு முன்னரே அழிந்துவிடும். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணி இது. அன்று வழிவிட்டு நின்றோரின் பேரப்பிள்ளைகள் அவ்வரலாற்றைத் தம் கையால் எழுதிவைப்பாராக.