கருமணலும் வானூர்திப் பொறியும்

குச்சவெளிப் பிரிவின் வடபால், புல்மோட்டைக் கரையிற் கிடக்கும் கருமணலைக் கண்டோர் பலர். அதிலுள்ள இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் தாதுக்கள். தாரை விமானப் பொறியின் காற்றமுக்கி அலகுகள் பல அவ்வுலோகக் கலவையால் ஆனவை. அம்மணலிற் கலந்த சிர்க்கனிலிருந்து பெறும் சிர்க்கோனியாப் பூச்சோ, உலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சிய வெப்பவாயுவிற் சுழலும் நிக்கல் அலகுகளுக்குப் போர்வை. மணலோ தாதுவாகவே கப்பலேறுகிறது. அதை உலோகமாக்கும் ஆலை நமக்கில்லை. ஆயினும், பிறர் வார்த்ததைப் பேணும் கல்வி நம் இளைஞருக்கு எட்டாததன்று.

அக்கல்வியில் முதலிற் பழகவேண்டியது பார்வை. ஒளிக்குழாயை உள்ளே செலுத்தி ஒவ்வோர் அலகின் விளிம்பையும் நோக்கவேண்டும். வடுவொன்று தென்படின் ஆழத்தை அளக்கவேண்டும். ஏட்டிற் குறித்த எல்லையை மயிரிழை கடந்தாலும் அது தள்ளுபடியே. ‘இன்னுமொரு பயணத்துக்குத் தாங்கும்’ என்னும் இரக்கத்துக்கு அங்கே இடமில்லை. பணி முடிவில் இடும் கையொப்பம், முகமறியாப் பயணிகளின் உயிருக்குத் தரும் பிணை.

சீனன்குடாவைப் போலக் கடலோரம் அமைந்த விமானத்தளங்களில் உப்புக்காற்று மற்றொரு பகை. அமுக்கியிற் படிந்து ஆற்றலைக் குறைக்கும், உலோகத்தை அரிக்கும். குறித்த காலந்தோறும் தூயநீர் செலுத்திக் கழுவுவதே பரிகாரம். கடலாற் கரையேறிய நம் மீனவர், படகின் இயந்திரத்தை நன்னீரிற் கழுவுவதும் இதே காரணத்தால்தான்!