வளைவுக்கு ஒரு கேள்வி: நண்பன் கேட்டால் ஏன் மறப்பதில்லை?

இன்றைக்கு எபிசோடை ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிச்சிடலாம். கடையெழு வள்ளல்கள் யார் யார்? மொத்தம் ஏழு பேர். ஃபோனில் தேட வேண்டாம், பக்கத்தில் இருப்பவரையும் கேட்க வேண்டாம். ஒரு பத்து விநாடி யோசிச்சுப் பாருங்க.

பாரி உடனே வந்திருப்பார், முல்லைக்குத் தேர் கொடுத்தவர். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வந்திருப்பார். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானும் வந்திருப்பார். அதுக்கு அப்புறம்தான் தடுமாற்றம். காரி, ஓரி ரெண்டும் ஓசை ஒத்துப்போவதால் சேர்ந்தே வரும். ஆய், நள்ளி ரெண்டு பேரும் பலருக்குக் கடைசி வரைக்கும் பிடி கொடுக்க மாட்டாங்க.

நீங்க யோசித்த அந்தப் பத்து விநாடிதான் இன்றைய பேச்சு. நண்பர்கள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பொது அறிவுக் கேள்வி கேட்டு மடக்குகிற விளையாட்டு நமக்கெல்லாம் பழக்கம்தான். டீக்கடையிலும் ஹாஸ்டல் மொட்டைமாடியிலும் பஸ்ஸிலும் நடக்கும். வீட்டில் பார்ப்பவர்கள் "படிக்காம அரட்டை அடிக்கிறானுங்க" என்பார்கள். ஆனால் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட அந்த அரட்டை அதிகம் நிலைக்கிறது. அது ஏன், அதில் எது வேலை செய்கிறது, எங்கே பிசகும் என்று பார்ப்போம்.

படித்தவரும் எழுதிப் பார்த்தவரும்

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னக் கட்டுரைப் பகுதி. ஒரு குழு அதை நான்கு சுற்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பகுதியைப் பார்க்காமல் ஞாபகத்தில் இருப்பதை எழுத வேண்டும்.

முதல் குழு அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை படித்திருந்தது. இரண்டாவது குழு மூன்று, நான்கு தடவைதான். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுதான் முன்னால் நின்றது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவுக்குச் சுமார் 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது. எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. "உங்களுக்கு இது எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னது வெறுமனே படித்த குழுதான்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிய முகம் போல ஆகிவிடும். பழகிய முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். அதனாலேயே நமக்கு அவர் பெயர் தெரியும் என்று ஆகிவிடாது. பெயரைத் தேடி எடுப்பது தனி வேலை. அந்த வேலையை எத்தனை முறை செய்கிறோமோ, அடுத்த முறை வழி அவ்வளவு சுலபம். நண்பன் கேள்வி கேட்கும்போது நம்மை அந்த வேலையைச் செய்ய வைக்கிறான்.

எழுபது வளைவு

இதைக் கண்ணால் பார்த்த இடம் எனக்குக் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து போனால் 20, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40, இங்கே 70. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும்.

நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். அதில் ஒருத்தன் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ரெண்டு முறை எழுதி, ரெண்டு முறையும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றவன். "புக்கைப் பார்க்கறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்குடா. ஹால்ல போய் உக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது" என்பான். ரோடிகரும் கார்பிக்கும் கண்டுபிடித்ததை அவன் சொந்த அனுபவத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அரசு வேலைக்கும் இன்னொரு வருஷக் காத்திருப்புக்கும் நடுவில் சில சமயம் ரெண்டு மூன்று கேள்விகள்தான் நிற்கும். அதனால் அவனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. வண்டி ஏற ஆரம்பித்ததும் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: வளைவுக்கு ஒரு கேள்வி, ஆப்ஷன் கிடையாது, அடுத்த பலகை வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வளைவில் கடையெழு வள்ளல்கள் கேள்வி வந்தது. ஏழு பேரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். கொல்லிமலையை ஆண்டவர் யார் என்றதற்கு, "வல்வில் ஓரி" என்று உடனே பதில் வந்தது. அடுத்த வளைவில், "அந்த ஓரியைக் கொன்றது யாரு?" என்று கேட்டோம்.

"சேரன். இதுல என்ன சந்தேகம்?"

"இல்லடா. காரி."

"எந்தக் காரி?"

"நீ இப்பச் சொன்ன ஏழு பேர்ல ஒருத்தர்."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஒரே லிஸ்ட்ல இருக்கறவங்கடா. பக்கத்துல இருக்கறவரையே கொன்னுட்டாரா?" என்றான்.

உறுதியான தவறு சீக்கிரம் திருந்தும்

அந்தப் பதிலை அவன் இனி மறப்பது கஷ்டம். அதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 2001-ல் பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் என்ற இருவர் பொது அறிவுக் கேள்விகளையே வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பதில் சொன்னவர், அந்தப் பதிலில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு சரியான விடை காட்டப்படும். சந்தேகத்தோடு சொன்ன தவறுகளைவிட, அடித்துச் சொன்ன தவறுகள்தான் பிறகு அதிகமாகத் திருத்தப்பட்டன. "அட, அப்படியா!" என்ற அந்த அதிர்ச்சியில் கவனம் முழுக்க விடையின் மேல் குவிகிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சரியான விடையைச் சொல்லியாக வேண்டும். நண்பர்கள் விளையாட்டு பிசகுவது இங்கேதான். "தெரியலையா? அப்ப நீயே தேடிக்க" என்று கெத்தாக விட்டுவிட்டால், நண்பன் சொன்ன தவறான பதிலே அவன் மனசில் தங்கிவிடலாம்.

டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் நாலு ஆப்ஷனோடு ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு, விடை தெரியவில்லை என்று சொல்வதற்கு. தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், ஹாலில் ஊகித்து எழுதுவது புத்திசாலித்தனம்தான். நண்பர்கள் நடுவில் மட்டும் அந்த ஐந்தாவது வட்டத்துக்கு மரியாதை கொடுங்கள். ஊகத்தில் சரியாகிப்போன பதில், தெரிந்த பதில் மாதிரியே வேஷம் போட்டு நிற்கும். தேர்வு அன்றைக்குத்தான் வேஷம் கலையும்.

பட்டியலுக்கு உள்ளே

இப்போது ஓரிக்கு வருவோம். முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூறு 209-ஆம் பாட்டில் இருக்கிறது. மலை சேரனிடம் போனதால்தான் "சேரன் கொன்றான்" என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

அந்த வள்ளல்கள் பட்டியலே சிறுபாணாற்றுப்படையில் வருவதுதான். அதே பட்டியலில், ஓரியைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அவர் காரியோடு போரிட்டவர் என்றும் இருக்கிறது. காரியின் குதிரைக்குப் பெயரும் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயரும் ஓரி. அதியமானும் சும்மா இருக்கவில்லை. காரியின் கோவலூர் மீது படையெடுத்து வென்றார். அதாவது, இப்போதைய திருக்கோவிலூர். ஒரு மதிப்பெண் கேள்வியில் ஏழு பேரும் குரூப் ஃபோட்டோவுக்கு நிற்பது போல வரிசையாக நிற்கிறார்கள். உண்மையில் கொடுப்பதில் பேர் வாங்கியவர்களே ஒருவர் மலையை இன்னொருவர் பறித்தவர்களாகவும் இருந்திருக்கிறார்கள்.

ஓரிக்கு "வல்வில்" என்ற அடைமொழி எப்படி வந்தது? புறநானூறு 152, வன்பரணர் பாடியது. ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் உடும்பில் போய்த் தைக்கிறது. பாட்டில் புலவர் கூட்டத்துக்கு அந்த வேடன் யாரென்று தெரியாது. பார்த்தால் சாதாரண ஆள் மாதிரி இல்லையே, ஓரியாக இருக்குமோ, இல்லையோ என்று யோசிக்கிறார்கள். பாடுகிறார்கள். அவர் தன் பெயரைச் சொல்லாமலே வேட்டை இறைச்சியும் பொன்னும் மணியும் கொடுக்கிறார். அந்தப் பாட்டே "இவர் யார்?" என்ற ஒரு கேள்விதான்.

செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் நடக்கிறது. மலைக்காரர்களுக்கு அவர் ஒரு மதிப்பெண் விடை இல்லை. சமவெளியிலிருந்து படிக்கிற நமக்குத்தான் அவர் வெறும் பெயராகச் சுருங்கிவிடுகிறார்.

பட்டியல் நிலைக்க வேண்டுமென்றால், பெயரோடு ஒரு இடத்தைக் கட்டுங்கள். பாரிக்குப் பறம்பு மலை, பேகனுக்குப் பழனி, ஆய்க்குப் பொதிகை, ஓரிக்குக் கொல்லி, காரிக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம், அதியமானுக்குத் தகடூர், அதாவது தர்மபுரி. நள்ளிக்குத் தோட்டி மலை. இப்போது ஏழு பெயரும் வரைபடத்தில் ஏழு புள்ளி ஆகிவிட்டது. ஒன்று மறந்தாலும் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று தெரியும்.

எப்படிக் கேட்பது

நாங்கள் அந்தப் பயணத்தில் செய்ததையே சொல்லிடுறேன். முதலில் ஆப்ஷன் இல்லாமல் கேளுங்கள். ஆப்ஷன் கொடுத்தால் அடையாளம் காண்பதோடு வேலை முடிந்துவிடும். உடனே விடையைப் போட்டு உடைக்காதீர்கள். "தொண்டை வரைக்கும் வந்துருச்சு" என்று நண்பன் தவிக்கும் நேரம்தான் படிப்பு நடக்கும் நேரம். பதிலோடு "உறுதியா, சந்தேகமா, தெரியாதா" என்று கேளுங்கள். விடையைச் சொல்லும்போது ஒரு காரணத்தையோ கதையையோ சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, தவறிய கேள்வியை அங்கேயே மூன்று தடவை கேட்காதீர்கள். பத்து வளைவு தள்ளிக் கேளுங்கள். மறுநாள் இறங்கும்போது மறுபடி கேளுங்கள். கொஞ்சம் மறந்த பிறகு தேடி எடுப்பதுதான் அதிகம் பதியும்.

முடிக்கும் முன் மூன்று கேள்வி தருகிறேன், விடை சொல்ல மாட்டேன். மூன்றும் இந்த எபிசோடில் வந்ததுதான். ஓரியின் அம்பு கடைசியாகத் தைத்தது எந்த உயிரில்? கோவலூர் மீது படையெடுத்த வள்ளல் யார்? தோட்டி மலை யாருடையது?

இப்போது பதில் தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டாம், ஐந்து நிமிஷக் கணக்கில் எல்லாருக்கும்தான் தெரியும். ஒரு வாரம் கழித்து ஒரு நண்பனுக்கு ஃபோன் போட்டு இந்த மூன்றையும் கேளுங்கள். அவன் தப்பாகச் சொன்னால் சிரிச்சுட்டு வைச்சுடாதீங்க. சரியான விடையைச் சொல்லி, அவனையும் உங்களை மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.