துணியில் தங்குவதும் தங்காததும்

இரண்டு டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பிடி மணல் போடுங்கள். மற்றொன்றில் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். இரண்டையும் நன்றாகக் கலக்குங்கள். சிறிது நேரம் அப்படியே வையுங்கள்.

மணல் என்ன ஆயிற்று? அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே தண்ணீர், கீழே மணல். உப்பு எங்கே? கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கும் போய்விடவில்லை. மேலே உள்ள தண்ணீரைச் சுவைத்தாலும் கரிக்கும். அடியில் உள்ளதும் அதே அளவு கரிக்கும்.

இரண்டும் கலவைகள்தான். மணல் கலந்த நீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இதைப் பலபடித்தான கலவை என்பார்கள். உப்பு நீர் எந்தச் சொட்டை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. இது ஒருபடித்தான கலவை.

இப்போது இரண்டையும் துணியில் வடிகட்டுங்கள். மணல் துணியில் தங்கும். உப்பு தங்காது. அது தண்ணீரோடு கரைந்து, தண்ணீரோடு போய்விடும்.

இந்த வேறுபாடு சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டில் பல்லாயிரம் பேரின் காலும் எலும்பும் இதில் அடங்கியிருந்தன.

ராஜஸ்தானில் படிக்கிணறுகள் உண்டு. மக்கள் படியில் இறங்கி, தண்ணீருக்குள் நின்று குடத்தை நிரப்புவார்கள். அங்கே நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. காலில் கொப்புளம் வரும். அது உடைந்து, நூல் போன்ற புழு வெளியே வரும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வலி தாங்க முடியாது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

எரிச்சல் தணிய நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் புழு வெளிவரும்.

இந்தப் பூச்சி தண்ணீரில் கரையவில்லை, மிதக்கிறது. அதாவது இது பலபடித்தான கலவை. நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் பூச்சி தங்கிவிடும். வீடுகளில் தண்ணீரை வடிகட்டினார்கள். படிக்கிணறுகளை மாற்றி அமைத்தார்கள். கைப்பம்பு போட்டார்கள். 1996-ல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000-ல் இந்தியாவில் இந்த நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நோய்க்கிருமிகள் இந்தப் பூச்சியைவிட மிகச் சிறியவை. அவை துணியில் தங்கமாட்டா. அவற்றைக் கொல்லத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும்.

தெலங்கானாவில் நல்கொண்டா மாவட்டத்தின் கதை வேறு. அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை. ஆனால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பெரியவர்களுக்கு முதுகு வளைந்தது. மூட்டு மடங்கவில்லை. பாறையிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு தண்ணீரில் கரைந்திருந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் அது இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம்.

தெளிந்த நீர் நல்ல நீர் என்று பெரியவர்கள் சொல்வது பாதிதான் சரி. ஃபுளோரைடு நீர் ஒருபடித்தான கலவை. எட்டு மடிப்புத் துணியில் வடித்தாலும் அது தங்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு குறையாது. ஆகவே மிஞ்சிய நீரில் அது இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஒரு வழி கண்டது. அதற்கு நல்கொண்டா முறை என்றே பெயர். தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்குவார்கள். பஞ்சு போன்ற துகள்கள் உண்டாகும். ஃபுளோரைடு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் துகள்கள் அடியில் படியும். தெளிந்த நீரை மேலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒருபடித்தான கலவையைப் பலபடித்தான கலவையாக மாற்றிவிட்டார்கள், பார்த்தீர்களா! எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் அளவு தெரியாமல் நாமே படிகாரம் போடக் கூடாது. அதிகமானால் அதுவும் கெடுதல். நல்கொண்டாவில் பல ஊர்களுக்கு இப்போது கிருஷ்ணா ஆற்று நீர் குழாயில் வருகிறது.

கரைந்திருப்பதைக் கண்ணால் அறிய முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும். ஊராட்சியில் கேட்டால் தண்ணீரை எங்கே சோதிக்கலாம் என்று சொல்வார்கள். சில மாநிலங்களில் கெட்ட நீர் வரும் கைப்பம்புக்குச் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். அந்த நீரில் துணி துவைக்கலாம், வீடு கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் வேறு இடத்தில் தண்ணீர் எடுங்கள்.