ஜாமீன் கையெழுத்து

கடன் மனுவில் ஜாமீன்தாருக்கு ஒதுக்கப்படும் இடம் அரை வரிதான். அதில் கையெழுத்திடுபவரோ தம் நண்பரின் நாணயத்திற்குத் தம் நாணயத்தையே ஈடு வைக்கிறார். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கடனாளி எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கும் ஜாமீன்தாரும் பொறுப்பு என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கண்ட விதி. இதனை அங்கத்தினர் பலரும் அறிவர். சட்டம் கூறாத ஒன்றைப் பற்றியே இங்குச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். தவணை தவறும்போது, பணம் நிற்பதற்கு முன்பே இருவருக்குமிடையே பேச்சு நின்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமத்துச் சங்கத்தைப் பார்வையிடத் தை மாதத்தில் சென்றிருந்தோம். அவ்வூரில் நெசவாளர் ஒருவர் வாங்கிய கடனுக்கு, இளமை முதலே தோழரான விவசாயி ஒருவர் ஜாமீன் நின்றிருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறியது. தெருவில் பாவு போட வெயில் இல்லை. தறி நின்றது, இரு தவணைகளும் நின்றன. இருவருக்கும் அறிவிப்புச் சென்றது. பேரேட்டைப் பார்த்த நாம், காரணம் என்ற இடத்தில் 'அலட்சியம்' என்று எழுதினோம்.

மாலையில் இருவரையும் தனித்தனியே சந்தித்தோம்.

"பணம் கிடக்கட்டும் ஐயா. தறிக்குழியில் தண்ணீர் நிற்பது எனக்குத் தெரியாதா? வந்து ஒரு வார்த்தை சொன்னானா? என்னைக் கண்டால் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறான்" என்றார் விவசாயி.

"எந்த முகத்தோடு அவன் வாசலில் போய் நிற்பேன்? அவனும் என்னைக் கூப்பிடவில்லையே" என்றார் நெசவாளர்.

ஒருவரது வெட்கம் மற்றவருக்கு வஞ்சகமாகத் தோன்றிற்று. மற்றவரது மனவருத்தம் இவருக்குச் சினமாகத் தோன்றிற்று. நமக்கோ இரண்டுமே அலட்சியமாகத் தோன்றின! அன்றிரவே அச்சொல்லை அடித்துவிட்டு, 'மழையால் தொழில் முடக்கம்' என்று திருத்தினோம். நிர்வாகக் குழு தவணையை நீட்டித்தது. ஆடிக்குள் கடன் தீர்ந்தது. ஆனால் அவ்விருவரும் பழையபடி ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் அருந்த மேலும் ஓராண்டு சென்றதாகக் காரியதரிசி கூறினார். அந்த ஓராண்டை எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் அன்றைய நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. ஈடு காட்டச் சொத்தில்லாதவனுக்கும், அவனை அறிந்த அண்டை வீட்டாரின் நம்பிக்கையே ஈடாகும் என்பது இத்தகைய சங்கங்களின் அடிப்படை. அறிந்தவர் என்ற உரிமையைக் கஷ்டகாலத்தில் பயன்படுத்தாவிடில் வேறு எப்போது பயன்படுத்துவது?

ஆகவே, கடன் பெற்ற அன்பர்களே, தவணை தவறும் என்று தோன்றினால், கெடு நாளுக்கு முன்பே ஜாமீன்தாரின் வீட்டுக்குச் செல்லுங்கள். கையில் பணமில்லாவிட்டாலும் செல்லுங்கள். ஜாமீன் நின்ற அன்பர்களே, முதலில் தொழிலை விசாரியுங்கள். பிறகு தவணையை விசாரியுங்கள். சங்க நிர்வாகிகள், அறிவிப்புக் கடிதத்திற்கு முன் ஓர் ஆளை அனுப்பிக் கேட்கலாம். நம்மைப் போன்ற ஆய்வாளர்களோ, காரணம் எழுதுமுன் அந்த வீட்டுத் தறிக்குழியை ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.