சொல்லோடு பயணிக்கும் எண்

1998இல் செர்ஜி பிரின்னும் லாரி பேஜும் கூகுளின் கட்டமைப்பை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்கத்தில் ஒரு சொல் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் அதில் 16 பிட் ஒதுக்கியிருந்தார்கள். சாதாரண வரிகளில் 12 பிட் சொல்லின் இருப்பிடத்துக்கு, 3 எழுத்தின் அளவுக்கு, 1 ஆங்கிலப் பெரிய எழுத்தா என்பதற்கு. சொல் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதும் தரவரிசைக்கு உதவும் என்பதே அதன் அடிப்படை.

சொல்லோடு கூடுதல் தகவலையும் சேமிக்கும் இந்த வசதியை இன்று யாரும் பயன்படுத்தலாம். டக் கட்டிங் 1999இல் எழுதிய லூசீன் என்ற திறமூலத் தேடல் மென்பொருளில் இதற்குப் பேலோடு என்று பெயர். சோலர், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டும் லூசீன் மீது எழுந்தவையே.

புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்த ஆவணத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று லூசீன் பட்டியல் வைத்திருக்கிறது. மதிப்பெண் போடுவது பிஎம்25 என்ற சூத்திரம். அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம். அது 1972இல் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்த கருத்து. சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண் கூடும், ஆனால் கூடும் வேகம் குறைந்துகொண்டே போகும். நீளமான ஆவணத்துக்குச் சற்றுக் கழிவு உண்டு.

'பால்' என்ற சொல் எங்கே, எப்படி வந்தாலும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான். பழைய தமிழ் நூலை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரியில் கொடுத்தால் சிக்கல் தெரியும். மங்கிய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். 'பரல்' என்பது 'பால்' ஆகிவிடும். நல்லவேளையாக, பல எழுத்துணரிகள் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு உறுதியாகப் படித்தன என்று ஓர் எண்ணும் தருகின்றன. அதைச் சொல்லோடு சேர்த்து 'பால்|0.95', 'பால்|0.40' என்று எழுதி அனுப்பினால், லூசீனின் வடிகட்டி நெடுங்கோட்டில் பிரித்து, எண்ணை 4 பைட்டாக அந்த இடத்தோடு சேமிக்கும். தேடும்போது அந்த எண்ணால் மதிப்பெண்ணைப் பெருக்கச் சொல்லலாம். இரு பக்கங்களும் பிஎம்25இல் 6 பெற்றிருந்தால், ஒன்று 5.7 ஆகும், மற்றது 2.4க்கு இறங்கும். சொல் பல இடங்களில் வந்தால் சராசரியையோ உச்சத்தையோ எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு விலையும் உண்டு: அடைவு பெரிதாகும், சேமித்த எண்ணை மாற்ற, ஆவணத்தை மறுபடி அடைவு செய்ய வேண்டும். அதனால் முடிவான எடையைச் சேமிக்காமல், எழுத்துணரி சொன்ன எண்ணை அப்படியே சேமிப்பது நல்லது. அதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதைத் தேடும் நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பிஎம்25 உலகத்து ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. எந்த நூலில் அச்சு மங்கியது, எந்தச் சொல்லை நம்பலாம் என்பது அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவருக்கே தெரியும். அந்த அறிவு தேடல் முடிவில் பிரதிபலிக்க வேண்டும். பேலோடு அதற்கு வழிவிடுகிறது.